மூக்கு கனத்த விமானமும் எஞ்சின் தாங்கிச் சட்டமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர், வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் இருவர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அலுமினியத் தகட்டாலான உடல், தாழ்ந்த இறக்கை, மூக்குச் சக்கரம். வரைபடம் விலைக்கு வாங்கியது. உழைப்பு முழுவதும் அவருடையது. வேலையின் பெரும்பகுதியைத் தனிநபர்கள் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால், அந்நாட்டு விதிகளின்படி அந்த விமானம் 'சோதனை வகை'யில் சான்று பெறும். தொழிற்சாலை விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகள் அந்த வகையைக் கட்டுப்படுத்துவதில்லை. எஞ்சினைத் தாங்கும் சட்டத்தை எந்த உலோகத்தில் செய்வது என்பதைக்கூடக் கட்டுபவரே தீர்மானிக்கலாம்.

எஞ்சின் லைகமிங் ஓ-320. நான்கு சிலிண்டர், 160 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2700 சுற்று. வரைபடம் இந்த எஞ்சினை ஏற்கிறது. ஆனால் மரப் புரொப்பல்லர் பொருத்தப்படும் என்ற எண்ணத்தில் எடைக்கணக்கு போடப்பட்ட வரைபடம் அது. இவரோ மழையில் அரிக்காத உலோகப் புரொப்பல்லரை வாங்கியிருந்தார். அதனால் சுமார் பத்துக் கிலோ கூடியது, அதுவும் விமானத்தின் முன்நுனியில். காகிதத்தில் எடைப் பட்டியல் போட்டுப் பார்த்தபோது, விமானி தனியாக அமரும் நிலையில் ஈர்ப்பு மையம் முன் எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. அப்படிப்பட்ட விமானம் தரையிறங்கும் வேகத்தில் மூக்கைத் தூக்கிப் பிடிக்கத் திணறும். பின்சக்கரங்களுக்கு முன்பே மூக்குச் சக்கரம் ஓடுபாதையில் மோதும்.

எடையைக் குறைக்க அவர் முதலில் கைவைக்க நினைத்த இடம் எஞ்சின் தாங்கிச் சட்டம். 1953-இல் விஸ்கான்சினில் தொடங்கப்பட்ட சோதனை விமானச் சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் உண்டு. ஊதியம் வாங்காமல் வந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். சான்று தருவது அவர்கள் வேலையன்று. அப்படி ஓர் ஆலோசகர் இவரது கொட்டகைக்குப் போகும்போது, உலோகவியல் படித்தவன் என்பதால் என்னையும் உடன் அழைத்தார்.

கட்டுநரின் திட்டம்

வரைபடம் கேட்டது 4130 எனப்படும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்: வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர், சுவர்த் தடிப்பு 1.24 மில்லிமீட்டர். மொத்தம் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். அதே அளவுக் குழாய்களை 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த டைட்டேனியத்தில் வாங்கிப் பற்றவைப்பது அவரது முதல் யோசனை. சட்டம் விமான உடலோடு சேரும் நான்கு மூலைப் பொருத்துகளை 7075 எனப்படும் உறுதிமிக்க அலுமினியக் கலவைக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பது இரண்டாவது. பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு விற்கப்படும் டைட்டேனியம் போல்ட்டுகளைப் போடுவது மூன்றாவது. கீழ்ப்புறத் தாங்குகோல்களைக் கார்பன் இழையில் செய்யலாமா என்றும் கேட்டார். அந்தப் பேச்சு புகைக்குழாயின் பாதையைக் காட்டியதும் முடிந்துவிட்டது. சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சி, வெந்நீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கும்.

அவர் அவசரக்காரர் அல்லர். உலோகங்களின் வலிமை அட்டவணைகளைக் கவனமாகப் படித்திருந்தார். அந்த டைட்டேனியத்தின் விளைவு வலிமை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 830 மெகாபாஸ்கலுக்கு மேல், 4130-இன் விளைவு வலிமை 480 அளவில், டைட்டேனியத்தின் எடையோ எஃகில் 56 சதவீதம் மட்டுமே. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் யாரும் அதே முடிவுக்குத்தான் வருவார்கள். எங்கள் வேலை அட்டவணையில் இல்லாதவற்றைப் பார்ப்பதாக இருந்தது.

கொட்டகையில் கண்டவை

முதலில் பற்றவைப்பு மாதிரி. ஆர்கான் வாயுவில் டைட்டேனியம் பற்றவைத்துப் பழக்கம் உள்ளதாகச் சொன்ன நண்பர் ஒருவர், இரண்டு குழாய்த் துண்டுகளை டி வடிவில் இணைத்துக் கொடுத்திருந்தார். வெளிப்புறம் வெள்ளி நிறத்தில் அழகாகவே இருந்தது. குழாயை நெடுக அறுத்து உட்புறத்தைப் பார்த்தோம். இணைப்பின் அடிப்பகுதி சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும்படி வெளுத்திருந்தது. டைட்டேனியம் சுமார் 430 டிகிரி செல்சியசைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விழுங்கி நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே, உலோகம் ஆறும்வரை வெளியே மட்டுமல்லாமல் குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளியும் வைக்கோல் மஞ்சளும் நல்ல அறிகுறி, நீலம் சந்தேகத்துக்குரியது, சாம்பலும் வெள்ளையும் கழிக்கப்பட வேண்டியவை. மாதிரியைப் பிடிகருவியில் பூட்டி வளைத்தோம். வளையவே இல்லை, பற்றவைப்பின் ஓரமாகச் சட்டென்று பிளந்தது. அன்றைய பேச்சில் வேறு எந்த வாதத்தையும்விட அந்தச் சத்தம் கட்டுநரை அதிகம் யோசிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து 7075 பொருத்துகள். இரண்டு ஏற்கெனவே கடையப்பட்டிருந்தன. உள்மூலைகள் கூர்மையாக விடப்பட்டிருந்தன. அதிர்வு ஓயாத இடத்தில் கூரிய உள்மூலை என்பது விரிசலுக்குக் கொடுத்த அழைப்பு. மேலும் இந்தக் கலவை, தொடர்ந்த இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு விரிசல் காணக்கூடியது. கட்டியின் தடிப்புத் திசையில் இழுபட்டால் அந்தக் குறை இன்னும் மோசம்.

மூன்றாவது, மூக்குச் சக்கரத்தின் கால். அது இந்த வரைபடத்தில் எஞ்சின் தாங்கிச் சட்டத்தின் அடியில் பற்றவைக்கப்பட்ட குழலுக்குள்தான் செருகப்படுகிறது. ஆகவே எஞ்சினின் சுமையோடு ஒவ்வொரு தரையிறக்கத்தின் அடியையும் அதே குழாய்கள்தான் வாங்கும்.

நான்காவதாக ஆலோசகர் கண்ணில் பட்டது ஸ்டார்ட்டர். எஞ்சின் பழைய விமானம் ஒன்றிலிருந்து வாங்கியது. அதனோடு வந்த ஸ்டார்ட்டர் பழைய வார்ப்புவகை, எட்டுக் கிலோ. அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அப்போது அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

விறைப்புக் கணக்கு

டைட்டேனியத்தைச் சரியாகப் பற்றவைக்க அந்த நண்பர் கற்றுக்கொண்டால் மட்டும் போதுமா என்பதே கட்டுநரின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அதனால் கணக்கில் இறங்கினோம்.

எஞ்சின் சட்டத்துக்கு வலிமை எவ்வளவு தேவையோ அவ்வளவு விறைப்பும் தேவை. எஃகின் நெகிழ்ச்சிக் குணகம் (உலோகத்தின் விறைப்பைக் காட்டும் எண்) 205 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 7.85. டைட்டேனியத்துக்கு 114, 4.43. 6061 அலுமினியத்துக்கு 69, 2.70. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் முறையே 26.1, 25.7, 25.6. எடைக்கு எடை மூன்றும் ஒரே விறைப்பு உடையவை! அதே விட்டக் குழாயை டைட்டேனியத்தில் போட்டால் எடை 44 சதவீதம் குறைகிறது. விறைப்பும் ஏறத்தாழ அதே 44 சதவீதம் குறைகிறது. இழந்த விறைப்பை மீட்கச் சுவரைத் தடிப்பாக்கினால் பழைய எடைக்கே திரும்ப வேண்டும். ஒல்லியான குழாய் அமுக்கத்தில் நெளியும் சுமையும் விறைப்பையே சார்ந்தது என்பதால், அங்கும் இதே கதைதான்.

விட்டத்தைப் பெரிதாக்குவதுதான் உண்மையான வழி. வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர், அதே சுவர்த் தடிப்பு கொண்ட டைட்டேனியக் குழாய், எஃகின் விறைப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் தருகிறது. எடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆறு மீட்டருக்கு 1.1 கிலோ லாபம். ஆனால் அதே 22.2 விட்டத்தில் சுவரை 0.89 மில்லிமீட்டராக்கிய 4130 எஃகும் 14 சதவீத எடையைக் குறைத்து, விறைப்பையும் கூட்டுகிறது. அதாவது லாபத்தில் ஒரு பங்கு உலோகத்திலிருந்து வரவில்லை, வடிவத்திலிருந்து வருகிறது. வீட்டுக் கொட்டகைகளில் எடைக்குறைப்பு பற்றிப் பேசும்போது இந்த ஒன்று அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

சுமைக் கணக்கையும் போட்டோம். தொழிற்சாலை விமானங்களுக்கான பகுதி 23 விதிகளின் 2017-க்கு முந்தைய வடிவம் இதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி, ஏனெனில் அதில் எண்கள் வெளிப்படையாக இருக்கின்றன. 160 குதிரைத்திறன், 2700 சுற்றில் சராசரித் திருகுவிசை (சுழற்றும் முறுக்கு) 422 நியூட்டன்-மீட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சினின் திருகுவிசை துடிப்புத் துடிப்பாக வருவதால் இதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது அந்த விதி. அதன் மேல் 1.5 பாதுகாப்புக் காரணி. பறக்கும்போது வரும் சுமைகளை மட்டும் எடுத்தால் குழாய்களில் தாராளமான மிச்சம் தெரிந்தது. 'அப்படியானால் சுவரை மெலிதாக்கலாமே' என்றார் கட்டுநர்.

இந்த இடத்தில் நாங்கள் நிறைய நேரம் செலவிட்டோம். நிலைச்சுமையில் தெரியும் மிச்சம் வீணாகக் கிடப்பதில்லை. முழு வேகத்தில் இந்த எஞ்சின் நொடிக்கு 90 முறை எரிந்து துடிக்கிறது. ஒரு மணி நேரப் பறப்பில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் புஷ்கள் அவற்றில் பெரும்பகுதியை விழுங்கினாலும் மிச்சம் பற்றவைப்பு ஓரங்களில்தான் வந்து சேரும். பற்றவைத்த இணைப்பின் சோர்வு வலிமை, அதாவது மீண்டும் மீண்டும் வரும் சுமையைத் தாங்கும் திறன், தாய் உலோகம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்து உயர்வதில்லை; பற்றவைப்பின் வடிவமும் சுத்தமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 830 மெகாபாஸ்கல் என்று அட்டவணையில் கண்ட எண் இணைப்பில் கைகொடுக்காது. மூக்குச் சக்கரத்தின் அடியையும் சேர்த்தபோது, கீழ்க்குழாய்களில் தெரிந்த மிச்சம் பெரிதும் கரைந்துவிட்டது.

தீ

இதில் பேச அதிகமில்லை, முடிவும் தெளிவானது. பழைய பகுதி 23, எஞ்சின் தாங்கிகள் தீயைத் தாங்கும் பொருளில் இருக்க வேண்டும் அல்லது மறைப்பால் காக்கப்பட வேண்டும் என்கிறது. எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புத் தகடு துருப்பிடிக்காத எஃகானால் 0.38 மில்லிமீட்டர் தடிப்பு போதும். அதிலுள்ள பொருத்துகள் எஃகிலோ செம்புக் கலவையிலோ இருக்க வேண்டும். சோதனைச் சுடர் சுமார் 1093 டிகிரி செல்சியஸ், 15 நிமிடம். 7075 அலுமினியம் 477 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பெட்ரோல் குழாய் ஒன்று கசிந்து பற்றிக்கொண்டால், விமானி தரைதேடும் அந்தச் சில நிமிடங்களில் மூலைப் பொருத்து நிற்க வேண்டும். எஞ்சின் கழன்று விழுந்தால் ஈர்ப்பு மையம் பின்னோக்கித் தாவி, விமானம் கட்டுக்குள் நிற்காது. சோதனை வகை விமானத்தை இந்த விதி சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது உண்மை. தீ அந்த வேறுபாட்டைப் பார்க்காது என்று ஆலோசகர் சொன்னார். கட்டுநர் அந்த இரண்டு பொருத்துகளையும் அன்றே ஒதுக்கி வைத்தார்.

எடை எங்கே இருந்தது

மறுமுறை கூடியபோது எடைப் பட்டியலை உலோகத்தின்படி வரிசைப்படுத்தாமல், ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தூரத்தின்படி வரிசைப்படுத்தினோம். எடை அந்த மையத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக மூக்கை அழுத்தும். தீத்தடுப்புத் தகடு ஈர்ப்பு மையத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் இருக்கிறது. தாங்கிச் சட்டத்தின் எடை அதிலிருந்து இன்னும் கால் மீட்டர் முன்னால் தள்ளிக் குவிகிறது. டைட்டேனியத்தில் கிடைக்கும் அதிகபட்ச லாபம் 1.4 கிலோ, 1.25 மீட்டரால் பெருக்கினால் 1.75.

ஸ்டார்ட்டரோ இந்த எஞ்சினில் முன்புறம், புரொப்பல்லருக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து 1.9 மீட்டர். நான்கு கிலோவுக்குள் எடையுள்ள புதுவகை ஸ்டார்ட்டர் கடையில் கிடைக்கிறது. குறைவது நான்கு கிலோ, பெருக்கினால் 7.6. எந்தப் பற்றவைப்பும் இல்லாமல், எந்தப் புது உலோகமும் இல்லாமல், சட்டத்தில் கிடைப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஏழு கிலோ ஈய மின்கலத்தைத் தீத்தடுப்புத் தகட்டின் மேலிருந்து இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனால் 14 வருகிறது. அந்த இடத்தில் அதன் கனமே பயன்படுவதால் விலை கூடிய லித்தியம் மின்கலம் தேவைப்படவில்லை. நீளும் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் எடுத்தோம்.

போல்ட்டுகளில் மிச்சம் எல்லாம் சேர்த்து நூறு கிராம்கூட வரவில்லை.

தீர்மானங்களும் காரணங்களும்

தாங்கிச் சட்டம் வரைபடத்தில் உள்ளது உள்ளபடி 4130 எஃகில். பெரிய விட்டம், மெல்லிய சுவர் என்ற மாற்றையும் எடுக்கவில்லை. அரைக் கிலோவுக்காக, பறந்து பறந்து தேறிய ஒரு வடிவத்தைக் கைவிடுவது தகாது என்று கருதினோம். மெல்லிய சுவர் பற்றவைக்கும்போது எளிதில் துளைபடும், கருவி தட்டினால் எளிதில் நசுங்கும். எஃகின் பக்கம் எங்களைச் சாய்த்தது இன்னொன்றும் உண்டு: அதில் விரிசல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வெளிர்நிற வண்ணத்தின் மேல் பழுப்புக் கோடாகத் துரு கசியும். சந்தேகம் வந்தால் காந்தத்துகள் சோதனை செய்யலாம். அலுமினியத்திலும் டைட்டேனியத்திலும் அது பலிக்காது. பழுது வந்தால் எந்தச் சிறு விமான நிலையத்திலும் எஃகுக் குழாயைப் பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

மூலைப் பொருத்துகள் எஃகு. போல்ட்டுகள் ஏஎன் எனப்படும் அமெரிக்க விமானப் பாகத் தரத்தில் காட்மியம் பூசிய எஃகு, தெரிந்த இடத்தில் வாங்கியவை. நல்ல டைட்டேனியம் போல்ட் எஃகைவிடக் குறைந்ததன்று. ஆனால் பிறப்புச் சான்று இல்லாத போல்ட்டை இந்த நான்கு இடங்களில் போட முடியாது. டைட்டேனியத் திருகுப் புரிகள் எஃகு நட்டோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும் குணமும் உடையவை. வழக்கமான முறுக்கு அட்டவணைகள் அவற்றுக்குப் பொருந்தா.

எண்ணெய்க் குளிர்விப்பான் தாங்கி, குழாய்ப் பிடிகள், கம்பிகளுக்கான கவ்விகள் ஆகியவை சிறு பாகங்கள் என்ற வகையில் சேர்க்கப்பட்டு, 6061-டி6 அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம் என்று விடப்பட்டன.

கட்டுமானம்

குழாய் முனைகளை மீன்வாய் வடிவில் வெட்டிப் பொருத்துவதைக் கட்டுநரே செய்தார். இடுக்கில் காகிதம் நுழையாத அளவுக்கு அரம்போட்டார். அந்தப் பொறுமைக்குத் தனி மரியாதை உண்டு. இறுதிப் பற்றவைப்பை விமானப் பணி அனுபவமுள்ள வெல்டர் ஒருவரிடம் கொடுத்தார். 4130 மெல்லிய குழாய்களை எண்ணெய்ப் பிசுக்கும் செதிலும் இல்லாமல் சுத்தம் செய்து, காற்றோட்டமில்லாத இடத்தில் பற்றவைத்து, தானாக ஆறவிட்டார்கள். உருவம் கோணிவிடாமலிருக்க, எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளியிட்டுப் பிடித்து, பிறகு எதிரெதிர் மூட்டுகளாக மாற்றி மாற்றி முடித்தார்கள். உட்புறத் துருவைத் தடுக்க எண்ணெய் ஊற்றி வடித்து அடைத்தார்கள். மேலே வெளிர் சாம்பல் எபாக்சி வண்ணம், மெல்லிய பூச்சாக. தடித்த பவுடர் பூச்சு விரிசலை மறைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

பறப்புச் சோதனையில் நடந்தது

தராசில் ஏற்றியபோது ஈர்ப்பு மையம் விமானி தனியாக இருக்கும் நிலையிலும் எல்லைக்குள் நின்றது. எஞ்சினும் புரொப்பல்லரும் சான்றுபெற்ற இணை என்பதால் கட்டாயச் சோதனைக் காலம் 25 மணி நேரம். இல்லையெனில் 40 ஆகியிருக்கும்.

முதல் சில பறப்புகளுக்குப் பிறகு எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். ரப்பர் புஷ்கள் அமுங்கி, புரொப்பல்லரின் மூக்குக்கூம்பு மூடியின் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. எதிர்பார்த்ததுதான், வாஷர் வைத்துச் சரிசெய்து, போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்த்தார்கள். கீழ்க்குழாய் ஒன்றில், புகைக்குழாய் நெருங்கும் இடத்தில், சாம்பல் வண்ணம் மஞ்சளித்திருந்தது. அங்கே இடைவெளி விட்டுத் துருப்பிடிக்காத எஃகு மறைப்பு ஒன்று கட்டப்பட்டது. 6061 அலுமினியம் 200 டிகிரிச் சூட்டில் நெடுநாள் கிடந்தால் விளைவு வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். அந்த மஞ்சள் கறை எஃகின் மேல் விழுந்ததால் அது வெறும் கறையாக நின்றது.

சோதனைக் காலத்தின் நடுவில் ஒரு விரிசல் அகப்பட்டது. சட்டத்தில் இல்லை, எண்ணெய்க் குளிர்விப்பான் தாங்கியில். 1.6 மில்லிமீட்டர் 6061-டி6 தகடு, தகட்டின் தடிப்பளவே ஆன மடிப்பு ஆரத்தில் கூர்மையாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பின் வெளிப்புறம் முழுவதும் விரிசல் ஓடியிருந்தது. எண்ணெய் நிறைந்த குளிர்விப்பான் எஞ்சினோடு சேர்ந்து ஆடும் இடத்தில், காற்றை வழிப்படுத்தும் பின்தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் எண்ணெய்க் குழாய் இழுபட்டிருக்கும். எண்ணெய் போனால் எஞ்சின் நின்றுவிடும். அது புகைக்குழாயில் தெறித்தால் தீயும் பிடிக்கும்.

பறப்பு நிறுத்தப்பட்டது. குளிர்விப்பானை எஞ்சினிலிருந்து பிரித்து, ஆடாத தீத்தடுப்புத் தகட்டின் மேல் எஃகுத் தாங்கியில் ஏற்றி, வளையும் குழாய்களால் இணைத்தார்கள். மடிப்பு ஆரம் தகட்டின் தடிப்பைப் போல் மூன்று மடங்காக்கப்பட்டது. மிச்சச் சோதனை மணிகள் பழுதின்றி முடிந்தன. அடுத்து வந்த ஆண்டுப் பரிசோதனையில் சட்டத்தின் ஒவ்வொரு மூட்டையும் கண்ணாடியும் விளக்கும் கொண்டு பார்த்தோம். வண்ணம் எங்கும் உடையவில்லை.

மாற்ற வேண்டியவை

பாகங்களைச் சிறிது, பெரிது என்று பிரித்த முறையை முதலில் மாற்ற வேண்டும். உடைந்தால் என்ன ஆகும், எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறதா, புகைக்குழாய்க்கு எவ்வளவு அருகில் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால், குளிர்விப்பான் தாங்கி முதல் நாளே எஃகுப் பட்டியலில் சேர்ந்திருக்கும். கம்பிக் கவ்விகளும் அதுவும் ஒரே வரியில் நின்றிருக்கக் கூடாது. அலுமினியம் அனுமதிக்கப்படும் இடங்களிலும் மடிப்பு ஆரத்தை எழுத்தில் குறிப்பிட்டுத் தர வேண்டும். 'தகட்டில் செய்துகொள்ளலாம்' என்ற வாய்மொழி போதாது.

எடைப் பட்டியலைத் தூரத்தோடு பெருக்கிப் போடுவது, எஞ்சினும் புரொப்பல்லரும் வாங்குவதற்கு முன் நடக்க வேண்டிய வேலை. இங்கே அது டைட்டேனியக் குழாய்க்கு விலை விசாரித்த பிறகு நடந்தது. புது உலோகத்தில் பற்றவைக்க விரும்புபவரிடம் முதல் சந்திப்புக்கு முன்பே ஒரு மாதிரி கேட்டு வாங்கி, அதை அறுத்து உட்புறம் பார்ப்பதை இப்போது சங்கத்தின் அந்தக் கிளையின் ஆலோசகர் வழக்கமாக்கியிருக்கிறார். சாம்பல் படிந்த அந்த டி துண்டு அவரது கருவிப் பெட்டியில் இருக்கிறது. டைட்டேனியம் கேட்டு வருபவர்களின் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறார்.